கேஸ் என்று நான் சொன்னதுதான் தப்பா, டாக்டர்?

குமரி மாவட்டம் கல்குளம் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பதினோரு பக்கம், கைப்பட. ஊர், பெயர், மருத்துவமனை எதையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. ஆளை அடையாளம் காட்டிவிடும் ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். விஷயம் இதுதான்.

அவருடைய அம்மைக்கு 61 வயது. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில் வேலை. பதினோரு வருடமாகச் சர்க்கரை, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர். ஒரு ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுப் படுத்தவர், ஒன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து, மேல்வயிறு கனக்கிறது, ஓங்கரிக்கிறது என்றிருக்கிறார். சேலை உடம்போடு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வியர்வை. தாடையும் லேசாக வலித்திருக்கிறது. மகள் (கணவர் வளைகுடாவில்) பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரை எழுப்பிக்கொண்டு 2.05-க்கு ஒரு அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். சீட்டு எழுதும் இடத்தில் என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, 'கேஸ் ட்ரபிள், கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லியிருக்கிறார். ஒரு ஊசி போட்டு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அதோடு சரி. பைக் விபத்தில் அடிபட்ட இரண்டு பையன்கள், வலிப்பு வந்த ஒரு குழந்தை, பாம்பு கடித்த ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி என்று பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போனார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே வந்து பத்து நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு போனாராம். கடிதத்தில் இவரைப் பற்றி மட்டும் மூன்று இடத்தில் வருகிறது. மகள் மூன்று தடவை எழுந்து போய்க் கேட்டதற்கு மூன்று தடவையும் ஒரே பதில்: 'ஊசி போட்டாச்சுல்லா, உக்காருங்க.'

4.20-க்கு அம்மை பெஞ்சிலேயே சரிந்த பிறகுதான் ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறார்கள். மாரடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப, அங்கே மறுநாள் ஸ்டென்ட் வைத்து, அம்மை பிழைத்துக்கொண்டார். ஆனால் எக்கோ என்கிற இதய ஸ்கேனில் பம்பிங் 40 சதவீதம்தான் என்று வந்திருக்கிறது.

பின்னால் வந்தவர்களை முதலில் பார்த்தது எந்த ஊர் நியாயம், மருத்துவமனைமேல் கேஸ் போடலாமா, விடிகாலையில் ஓடி வந்த தம்பி டியூட்டி டாக்டரோடு சண்டை போட்டு எடுத்த வீடியோவை வெளியே விடலாமா, இனி ஏதாவது என்றால் நேரே திருவனந்தபுரத்துக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறார். அம்மை எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்றும் ஒரு கேள்வி. கடைசிப் பக்கத்தில், மற்ற எழுத்தைவிடச் சின்ன எழுத்தில், இது: 'நான் எனக்க வாயால கேஸுன்னு சொன்னதுனாலதான் அம்மைக்கு இப்பிடி ஆச்சா, டாக்டர்?'

சகோதரி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற ஐந்தையும்விட அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது.

உங்கள் தப்பு இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, விஷயமே அப்படித்தான். நான் பதினைந்து வருடத்துக்கு மேல் கேஷுவாலிட்டியில் நின்றவன். நம் மாவட்டத்தில் மார்பிலிருந்து தொப்புள் வரை எது வலித்தாலும் 'கேஸ்'தான். மாரடைப்போடு நடந்து வந்து, 'ஒரு சோடா குடிச்சா சரியாயிரும் டாக்டர், இவ சும்மா கூட்டியாந்துட்டா' என்று மனைவியைத் திட்டிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நோயாளியின் வீட்டார் நோயின் பெயரைச் சொல்வார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, 'சரி, என்ன செய்தது, எப்போதிலிருந்து, வியர்த்ததா?' என்று திரும்பக் கேட்பது அங்கே இருப்பவர்களின் வேலை. 61 வயது, சர்க்கரை, திடீர் வியர்வை, ஓங்கரிப்பு, மேல்வயிற்றுக் கனம். நீங்கள் கேஸ் என்று சொன்னாலும், கண்ணேறு என்று சொன்னாலும், இந்த ஐந்தும் சேர்ந்த ஒருவருக்கு முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். நெஞ்சுவலியோ அதைப் போல சந்தேகப்படும்படி வேறு எதுவோ என்று வருகிறவருக்கு வாசலைத் தாண்டிய 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து ஒரு மருத்துவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட நடைமுறை. உங்கள் அம்மைக்கு 135 நிமிடம் ஆகியிருக்கிறது.

ஏன் வயிற்றில் வந்தது என்று கேட்பீர்கள். இதயத்தின் அடிப்பக்கச் சுவர் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு நேர் கீழே இரைப்பை. அந்தச் சுவருக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்துக்கொண்டால் வலி பல நேரம் மேல்வயிற்றில்தான் தெரியும், கூடவே வாந்தியும் வரலாம். அதோடு நீண்ட நாள் சர்க்கரை நரம்புகளை மழுக்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மாதிரி நாடக வலி பல நேரம் வருவதே இல்லை. வெறும் வியர்வை, ஒரு அசதி, தாடையில் ஒரு குடைச்சல். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தச் சொல் சும்மா இருக்காது. சீட்டில் ஒருவர் 'கேஸ்' என்று எழுதிவிட்டால் அடுத்து அதைக் கையில் வாங்குகிற எல்லாரும் அந்த எழுத்தையே படிக்கிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை. நானும் இதில் விழுந்தவன்தான். ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில், தோள்வலி என்று வந்த ஒரு கிழவிக்கு வலி ஊசி போட்டு உட்கார வைத்துவிட்டு, அரிவாள் வெட்டோடு வந்த ஒருவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். வயதான ஒரு ஸ்டாஃப் நர்ஸ் என் பின்னால் வந்து நின்று, சத்தமே இல்லாமல், 'அந்த ஆச்சிய இன்னொரு தடவ பாருங்க, நெத்தி வேர்க்குது' என்றார். அந்த ஆச்சிக்கு இருந்ததும் இதுவேதான். அவர் பிழைத்தது அந்த நர்ஸால். என் பெயரில் அதை எழுதிக்கொள்ள முடியாது.

வரிசை யாருக்கு

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. பின்னால் வந்தவர்களை முன்னால் பார்த்தது தவறில்லை.

கேஷுவாலிட்டி என்பது ரேஷன் கடை வரிசை கிடையாது. வந்த நேரத்தைப் பார்த்து அங்கே கூப்பிட மாட்டார்கள், யாருக்கு உயிர் சீக்கிரம் போகும் என்று பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் நெப்போலியனின் படையில் இருந்த லாரே என்ற அறுவை மருத்துவர் போர்க்களத்தில் பதவியைப் பார்க்காமல் காயத்தைப் பார்த்து ஆட்களைத் தூக்கினார் என்பார்கள். அந்தப் பழக்கம்தான் இன்று எல்லா ஊர் அவசரப் பிரிவுக்கும் வந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'தாய்' என்று சுருக்கிச் சொல்கிற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரிக்கிறார்கள்; சிவப்பை உடனே பார்க்க வேண்டும், பச்சை காத்திருக்கலாம். வலிப்பு நிற்காத குழந்தை சிவப்பு. அதில் யாரும் சண்டை போட முடியாது. பாம்புக்கடிக்கு ரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்த்து, விஷமுறிவு மருந்தைத் தொடங்கி, மூச்சு குறைகிறதா என்று பக்கத்திலேயே நிற்க வேண்டும். பைக் பையன்களில் ஒருவன் வெளியே சிராய்ப்பு மட்டும் தெரிந்தாலும் உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கலாம். பெஞ்சிலிருந்து பார்க்கும்போது இது எதுவும் தெரியாது. 'நம்மள விட்டுட்டு அவனுவள பாக்கிறாங்க' என்றுதான் தெரியும், உங்கள் இடத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் விஷயம் வேறு. சிபாரிசு இல்லவே இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். இருக்கிறது. ஆனால் அவர் உறவுக்காரர் ஒருவரின் மருந்துச் சீட்டை வாங்க வந்தாரா, வார்டில் இருந்தவரைப் பற்றிக் கேட்க வந்தாரா, உண்மையிலேயே போன் போட்டு முன்னால் போனாரா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புகாரில் அவரை இழுக்காதீர்கள். நிரூபிக்க முடியாத ஒன்றைப் புகாரின் முதல் பத்தியில் வைத்தால், நிரூபிக்க முடிந்ததும் அதோடு சேர்ந்து போய்விடும்.

நிரூபிக்க முடிந்தது எது? அம்மையை மறுபடி யாரும் பார்க்கவில்லை என்பது. பச்சை என்று ஒரு முறை உட்கார வைத்தவர் விடிய விடியப் பச்சையாகவே இருப்பார் என்று எந்த நடைமுறையும் சொல்லவில்லை. காத்திருப்பவர்களை இடையிடையே திரும்பப் பார்க்க வேண்டும், நாடி, ரத்த அழுத்தம், முகம். அதிலும் கூட இருப்பவர் மூன்று தடவை வந்து 'குறையவில்லை' என்று சொன்னால், அந்த மூன்றும் மூன்று தடவை எச்சரிக்கை மணி அடித்த மாதிரி. ஒரு தடவைகூட யாரும் எழுந்து பெஞ்சு வரை வரவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மையென்றால் (நான் நம்புகிறேன், நீங்கள் நேரத்தோடு எழுதியிருக்கிறீர்கள்), உங்கள் குறை காத்திருக்க வைத்ததைப் பற்றியது அல்ல. ஈ.சி.ஜி. எடுக்காததையும் திரும்பப் பார்க்காததையும் பற்றியது. இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த ராத்திரி அங்கே எத்தனை பேர் டியூட்டியில் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். ஒரே டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதி, போலீஸுக்குத் தகவல் கொடுத்து, வார்டிலிருந்து வந்த அழைப்புக்கு ஓடி, தையலும் போட்டுக்கொண்டிருந்தால், 'உக்காருங்க' என்ற சொல் அவர் வாயில் தானாக வரும். ஒரு நோயாளியோடு எட்டுப் பேர் உள்ளே நுழைவதும், மூன்று நாள் காய்ச்சலைக் காலை ஓ.பி. வரிசைக்குப் பயந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவருவதும் நாம் செய்கிறதுதான். இதெல்லாம் காரணம். மன்னிப்பு இல்லை. ஆள் போதவில்லை என்றால் அந்தத் தவறு தனி ஒரு டாக்டருடையதாக இல்லாமல் நிர்வாகத்துடையதாக ஆகும், புகார் போக வேண்டிய இடமும் அதனால் மாறும்.

இன்னொரு கேஸ்: வழக்குப் போடலாமா

போடலாம். ஆனால் எங்கே, எதற்காக என்று தெரிந்துகொண்டு போடுங்கள். நான் வக்கீல் இல்லை. மருத்துவமனைப் பக்கத்திலிருந்து இந்த விவகாரங்களைப் பார்த்தவன் என்ற அளவில் சொல்கிறேன், கடைசி முடிவை நாகர்கோவிலிலோ பத்மநாபபுரத்திலோ ஒரு நல்ல வக்கீலிடம் கேட்டு எடுங்கள்.

முதலில் காகிதம். உங்களிடம் இருக்கிற சீட்டில் வந்த நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈ.சி.ஜி. தாளின் மேல் ஓரத்தில் தேதியும் மணியும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அதுதான் உங்கள் புகாரின் முதுகெலும்பு. அந்தத் தாள் சூடு பட்டால் மங்குகிற வகை. பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பீரோவுக்குள் வைத்தால் ஒரு வருடத்தில் வெள்ளைத்தாள் ஆகிவிடும், என் கண்ணெதிரே ஆகியிருக்கிறது. இன்றைக்கே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, செல்போனிலும் படம் பிடித்து வையுங்கள். சில மெஷினில் கடிகாரமே தப்பாக ஓடும், அதனால் கட்டி கரைக்கும் ஊசி போட்ட நேரம், ரெஃபர் எழுதிய நேரம், ஆம்புலன்ஸ் ஏறிய நேரம், பெரிய மருத்துவமனையில் இறங்கிய நேரம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி ஒப்பிடுங்கள். அந்த ராத்திரி நீங்கள் செய்த போன் அழைப்புகளின் நேரம்கூட உதவும். தம்பிக்கு எத்தனை மணிக்குப் பேசினீர்கள்?

சிகிச்சைக் குறிப்பின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன. இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். அதே மனுவில் அன்றிரவு பணியில் இருந்தவர்கள் எத்தனை பேர், ஈ.சி.ஜி. எடுக்கும் ஊழியர் இருந்தாரா என்றும் கேட்கலாம். கேமரா பதிவு வேண்டுமென்றால் தாமதிக்காதீர்கள், அது கொஞ்ச நாளில் தானே அழிந்துவிடும்.

புகாரைத் தலைமை மருத்துவர் அல்லது கண்காணிப்பாளர் பெயருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நகல் நலப்பணிகள் இணை இயக்குநருக்கு. அங்கே அசைவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். 104-லும் முதல்வரின் 1100-லும் பதிவு செய்யலாம். பதினோரு பக்கம் வேண்டாம், அதை எனக்கு எழுதியதோடு விடுங்கள். மணி, நடந்தது, யாரிடம் கேட்டேன், என்ன பதில். அவ்வளவு போதும்.

நஷ்ட ஈடு என்றால், எல்லாரும் நுகர்வோர் கோர்ட் என்பார்கள். சிகிச்சையும் சேவைதான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் சட்டத்தில் வழக்குப் போடலாம் என்று 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதே தீர்ப்புதான், எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கிற மருத்துவமனை அதில் வராது என்றும் சொல்கிறது. நீங்கள் பணம் கட்டவில்லை, அதனால் அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியிருக்கும். இதே விஷயம் ஒரு தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி நடந்திருந்தால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போயிருக்கலாம். உங்களுக்கு இருக்கிற வழி, மாநில மனித உரிமை ஆணையம், அதற்கு ஒரு வருடம்தான் கெடு. இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியை வங்காளத்தில் ஒவ்வொரு அரசு மருத்துவமனையாக இடமில்லை என்று திருப்பி அனுப்பிய வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை கொடுக்கத் தவறுவது வாழும் உரிமையைப் பறிப்பது என்று சொல்லி 25,000 ரூபாய் கொடுக்க வைத்தது. தொகை சிறிசு. சொன்ன சொல் பெரிசு.

போலீஸ் வழக்கு? 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சாதாரணக் கவனக்குறைவுக்காக ஒரு மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது, மிக மோசமான கவனக்குறைவாக இருக்க வேண்டும், அதையும் வேறொரு மருத்துவரின் கருத்தை வாங்கிய பிறகே தொடர வேண்டும். இன்னொன்று, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகிற கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன்: 2.15-க்கே கண்டுபிடித்திருந்தால் பம்பிங் எவ்வளவு இருந்திருக்கும்? இரண்டு மணி நேரம் முன்னால் ஊசி போட்டிருந்தால் இதயத் தசை நிறையப் பிழைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன், எந்த இதய மருத்துவரும் அப்படித்தான் சொல்வார். எத்தனை சதவீதம் என்று மட்டும் யாராலும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. வழக்கு நீளும், அம்மையை அழைத்துக்கொண்டு அலைய வேண்டிவரும். என்னைக் கேட்டால் நிர்வாகப் புகாரை முழு மூச்சாகக் கொண்டுபோங்கள். நெஞ்சுக்கும் மேல்வயிற்றுக்கும் வருகிற எல்லாருக்கும் வாசலிலேயே ஈ.சி.ஜி. என்ற ஒரு உத்தரவு அந்தக் கேஷுவாலிட்டிச் சுவரில் ஒட்டப்பட்டால், அது உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கே உதவும். ஆனால் இது என் விருப்பம். உங்கள் கோபத்தின் அளவு எனக்குத் தெரியாது.

தம்பியின் வீடியோ

வெளியே விட வேண்டாம். அழிக்கவும் வேண்டாம், வக்கீல் கேட்டால் கொடுக்க வைத்திருங்கள். அதில் பைக் பையன்களும் அந்தக் குழந்தையும் தெரிகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் யாரிடமும் கேட்காமல் அவர்களுடைய மோசமான ராத்திரியை ஊருக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை. தம்பி டாக்டரின் சட்டையைப் பிடித்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2008-இல் வந்த சட்டப்படி மருத்துவமனை ஊழியர்மேல் கை வைத்தால் மூன்றிலிருந்து பத்து வருடம் வரை சிறை, ஜாமீன் எளிதில் கிடைக்காது. அந்த வீடியோ முதலில் மாட்டிவிடுவது அவனைத்தான். 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் ஒரு நோயாளியின் மகன் டாக்டரைக் கத்தியால் குத்திய பிறகு எல்லா ஊர் கேஷுவாலிட்டியிலும் ஒரு பயம் உட்கார்ந்திருக்கிறது. யாராவது குரலை உயர்த்தினால் அங்கே இருப்பவர்கள் வேகமாக வேலை செய்வதில்லை. போலீஸைக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் 'எதுக்கு வம்பு, மேல அனுப்பிரு' என்று ரெஃபர் எழுதிவிடுவார்கள். அவன் கோபம் எனக்குப் புரிகிறது. அவனிடம் சொல்லுங்கள், அந்தக் கையால் புகாரை எழுதட்டும்.

நேரே திருவனந்தபுரமா

1956 வரை நாம் திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூரில், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள், அதனால் பெரிய சீக்கு என்றால் திருவனந்தபுரம் என்பது நம் தாத்தா காலத்துப் பழக்கம். திட்டமிட்டுச் செய்கிற சிகிச்சைக்கு, இரண்டாவது கருத்துக்கு, தாராளமாகப் போங்கள். மாரடைப்புக்கு வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொரு ஜங்ஷனாகத் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ராத்திரியிலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, பகலில் கேட்கவே வேண்டாம். அவ்வளவு நேரமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். மாரடைப்பில் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோவது முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் அதிகம், ஆட்டோவின் பின்சீட்டில் அப்படி ஆனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஈ.சி.ஜி. எடுக்கவும் கட்டி கரைக்கும் ஊசி போடவும் வசதியுள்ள பக்கத்து மருத்துவமனைக்குப் போய், ஊசி போட்டுக்கொண்டு, அப்புறம் ஆம்புலன்ஸில் பெரிய இடத்துக்குப் போவதுதான் முறை. அம்மைக்கும் அதுவேதான் நடந்தது, இரண்டு மணி நேரம் பிந்தி.

ஆட்டோவைவிட 108 நல்லது. அதில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் இருக்கிறார், வண்டியில் வந்தவரைக் கேஷுவாலிட்டியில் பெஞ்சில் உட்கார வைப்பதும் குறைவு. உள்காட்டு ரோட்டுக்கு வர நேரமாகும் என்றால் காத்திருக்காமல் கிளம்பி, வழியில் மாறிக்கொள்ளலாமா என்று போனிலேயே கேளுங்கள். தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். உங்கள் பக்கத்து நிலையம் ராத்திரி திறந்திருக்குமா என்று இப்போதே போய்க் கேட்டு வையுங்கள்.

அடுத்த தடவை வாசலில் என்ன சொல்வது

நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். வயது, பழைய நோய், என்ன செய்தது, எத்தனை மணிக்கு. இந்த வரிசையில்: '61 வயசு, சர்க்கரை இருக்கு, ஸ்டென்ட் வச்சிருக்கு, ஒன்றரை மணிக்கு வேர்த்துக் கொட்டி மேல்வயிறு கனக்குது, ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்க.' கடைசி வாக்கியத்தைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஸ்டென்ட் என்ற சொல்லுக்கு எந்தக் கேஷுவாலிட்டியும் திரும்பிப் பார்க்கும்.

உட்கார வைத்தால், 'எப்போ திரும்பப் பாப்பீங்க?' என்று கேளுங்கள். வலி கூடினால், புதிதாக வியர்த்தால், மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால் எழுந்து போய், 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று கேட்காதீர்கள், அதற்கு அங்கே தயாராக ஒரு பதில் இருக்கிறது. 'முன்னால இல்லாத ஒண்ணு இப்போ வந்திருக்கு, வந்து பாருங்க' என்று சொல்லுங்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்றாலும், வலி நிற்கவில்லை என்றால் அரை மணிக்குள் இன்னொன்று எடுக்கச் சொல்லலாம், தொடக்கத்தில் ஈ.சி.ஜி.யும் இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் ஒன்றும் காட்டாமல் இருப்பது உண்டு. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு, பழைய ஈ.சி.ஜி. மூன்றையும் ஒரே பையில் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வைக்காதீர்கள், பிரஷர் இறங்கியிருக்கும்போது அது ஆளையே சாய்த்துவிடும்.

இனி அம்மை. 40 சதவீதம் என்றதும் பாதி இதயம் போய்விட்டது என்று பயந்திருக்கிறீர்கள். நூறு என்பது யாருக்கும் கிடையாது, நல்ல இதயமே ஒவ்வொரு துடிப்பிலும் அறுபது சதவீதம் போலத்தான் வெளியே தள்ளும். மாரடைப்பு வந்த வாரத்தில் எடுத்த எக்கோ கடைசிக் கணக்கு இல்லை. அதிர்ச்சியில் உறைந்து நிற்கிற தசை வாரக்கணக்கில் மெதுவாக எழுந்து வரும், மூன்று மாதம் கழித்து எடுக்கும்போது கூடியிருக்க வாய்ப்பு உண்டு. ஸ்டென்டில் ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றைக்கூட, பல் பிடுங்கவோ வேறெதற்கோ யார் சொன்னாலும், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. வேலைக்கு எப்போது என்று அம்மை தினமும் நச்சரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல அடையாளம்தான். அண்டி வறுக்கிற அடுப்புப் பக்கமும் மூட்டை தூக்குவதும் இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்; உட்கார்ந்து தொலி உரிக்கிற, தரம் பிரிக்கிற வேலையென்றால் ஆறு வாரம் கழித்து, வீட்டு முற்றத்தில் மூச்சு வாங்காமல் இருபது நிமிடம் நடக்க முடிகிறதா என்று பார்த்து, உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். முதல் வாரம் அரை நாள் போதும்.